கச்சான் தள்ளிக்கொண்டு வந்த மழை: திருகோணமலையில் இரண்டு மாலைகள்

செப்டெம்பர் கடைசி வாரம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் திருகோணமலைக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். இடிமழையையும் வானத்தையும் படமெடுப்பதற்காகவே போன பயணம். நான்கு நாளில் இரண்டு மாலை மழை பெய்தது. முதல் மாலை கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தவறவிட்டேன். மூன்றாம் நாள் மாலை, ஏறக்குறைய அதே மாதிரியான மழையில், தேடிப்போன படம் கிடைத்தது. கமராவும் லென்ஸும் இரண்டு நாளும் ஒன்றுதான். நின்ற இடத்தையும் காத்திருந்த நேரத்தையும் மாற்றினேன். கிழக்குக் கரைக்குக் கமராவோடு போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நேரப்படி எழுதி வைக்கிறேன்.

ஊரும் மழை வரும் வழியும்

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. மேற்கே உட்துறைமுகம். கிழக்கே டச் பே என்ற குடா, அதற்கு வடக்கே பிரெட்ரிக் கோட்டையும் சுவாமி மலையும், மலை உச்சியில் கோணேசர் கோயில். ஒரு பக்கத் தண்ணீரிலிருந்து மறுபக்கத் தண்ணீருக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடம். சூரியன் கடலில் உதிப்பதையும், தண்ணீருக்கு மேலே அடைவதையும் ஒரே ஊரில் நின்று பார்க்கலாம். வானத்தைப் படமெடுக்கிறவனுக்கு இது பெரிய கொடுப்பினை. எனக்குத் தெரிந்து இலங்கையில் இந்த வசதி இவ்வளவு கிட்டக் கிட்ட அமைந்த ஊர் வேறில்லை.

இந்தக் கரையின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிறது. அது வாடைக்காற்றோடு கடலிலிருந்து வரும் மழை. சாம்பல் வானம், நாள் கணக்கில் தூறல், படத்துக்கு அவ்வளவு உதவாது. ஓகஸ்ட் முடிவிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மாலையில் வருகிற இடிமழையின் வழி வேறு. பகலில் கச்சான் காற்று மேற்கிலிருந்து காய்ந்து அடிக்கும். மதியத்துக்குப் பிறகு கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே ஏறும். கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தில் எங்கேயோ இரண்டும் முட்டிக்கொள்ளும்போது சூடான ஈரக் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. இரண்டு மணிக்குப் பஞ்சுப்பொதி போல இருந்த முகில் மூன்றரைக்குள் கோபுரமாகி, உச்சியில் பட்டறைக் கல் போலப் பரந்துவிடும். உச்சி 15 கிலோமீற்றர் உயரத்தையும் தொடும். அப்புறம் மேல்காற்று அதைக் கிழக்கே தள்ளும்: துறைமுகத்துக்கு மேலாக, ஊருக்கு மேலாக, கடலுக்கு.

இந்த வழியை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். முதல் நாள் நான் நடந்துகொண்ட விதத்தில் அந்த அறிவு எதற்கும் பயன்படவில்லை.

முதல் மாலை

2.40க்கு லொட்ஜ் மொட்டைமாடியில் நின்று தென்மேற்கைப் பார்த்தேன். முகிலின் தலை பரந்துவிட்டிருந்தது. அறைக்குப் போய்ப் படுத்திருந்து 3.20க்குத் திரும்ப இறங்கினேன். கமரா பை முழு நாளும் ஏசி அறையில் குளிர்ந்து கிடந்தது. உட்துறைமுக வீதிக்குப் போய் மூடியைக் கழற்றினேன், லென்ஸின் முன்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது. துடைத்தால் மறு செக்கனே திரும்பப் பூத்தது. குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரை ஈரம் படிகிறது. கண்ணாடி சூடேறும் வரை அதற்கு வைத்தியம் கிடையாது. சாரத்து முனையால் துடைத்துத் துடைத்து உப்புக் கோடுகளைத்தான் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து துறைமுகத்துக்கு அக்கரையில் அந்த முகில் வந்தது. சுருட்டிவிட்ட பாய் ஒன்றை வானத்தின் குறுக்கே கிடத்தியது போல, நீளமாக, அடுக்கடுக்காக, கீழ்விளிம்பு நீலக் கறுப்பாக. மழையோடு விழும் குளிர்காற்று தரையில் பரந்து முன்னேறும்போது தனக்கு முன்னிருக்கும் சூட்டுக் காற்றைத் தூக்கி எறிகிறது. தூக்கப்பட்ட காற்று குளிர்ந்து இப்படி ஒரு முகிலாகத் திரள்கிறது. அதற்குக் கீழே, சீனக்குடாப் பக்கம், பிரிமா மாவாலையின் விளக்குகள் பகலிலேயே எரிவது தெரிந்தது. அவ்வளவு இருட்டு. அதன் பின்னால் மழைக்கால் இறங்கியிருந்தது.

லென்ஸ் தெளிந்தபோது 4.08. முகில் அநேகமாகத் தலைக்கு மேலே. 11 படம் எடுத்தேன். பதினொன்றிலும் ஒரே பிழை. கறுத்த முகிலைக் கண்ட கமரா, 'இருட்டாக இருக்கிறது, கூட வெளிச்சம் வேண்டும்' என்று தானாக எக்ஸ்போஷரைக் கூட்டிவிட்டது. முகில் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. முகிலுக்கும் தண்ணீருக்கும் இடையில் இருந்த பச்சை கலந்த வெளிச்சக் கீற்று வெள்ளையாக எரிந்து போனது. இடிமழைப் படத்தின் உயிர் அந்தக் கீற்றில்தான் இருக்கிறது. ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்திருக்க வேண்டும். கமரா திருத்தாமல் சேமிக்கும் ரோ ஃபைலில் இருட்டைத் தூக்கி எடுக்கலாம், எரிந்த வெள்ளையைத் திருப்ப முடியாது.

4.15க்குக் காற்று திரும்பியது. உடம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல ஒரு குளிர். அடுத்த மின்னலுக்கு எண்ணினேன். எட்டில் இடி வந்தது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க மூன்று செக்கன். அப்படியானால் மின்னல் மூன்று கிலோமீற்றருக்குள். அது தெரிந்தும், ஒரு மின்னலாவது அகப்படட்டும் என்று, இரும்புக் கைப்பிடி ஓரத்தில், அலுமினிய ட்ரைபொட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, விசரே உமக்கு? உள்ளுக்க வாரும்!" என்று வீதிக்கு அந்தப் பக்கமிருந்து ஓட்டோக்கார அண்ணை கத்தினார். அவரே வந்து ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடினார். அவருடைய ஓட்டோவுக்குள் ஏறப் போன என்னையும் தடுத்தார். அவர் செய்தது சரி. நாலு பக்கமும் இரும்பால் மூடிய வான், கார், பஸ் போல ஓட்டோ காப்பாற்றாது. அதற்குச் சீலைக் கூரையும் திறந்த பக்கமும்தான். கொங்கிரீட் கட்டடம்தான் சரியான இடம். தனித்து நிற்கும் தென்னையும் பனையும் மிக மோசமான இடம்.

கடைக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். ஐந்து மணி தாண்டி மழை மெலிந்தது. 5.20க்கு மேற்கே முகில் கிழிந்து சூரியன் எட்டிப் பார்த்தது. நான் துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கழுவிவிட்ட வானம், வெள்ளை வெளிச்சம், படமாக ஒன்றுமில்லை. "முடிஞ்சுது" என்று கமராவைப் பைக்குள் வைத்தேன்.

5.31க்குச் சாமான் வாங்க வந்த ஒரு பெடியன் கேட்டான்: "அண்ணா, அந்தப் பக்கம் இந்திரவில் போட்டிருக்கு, பாக்கேல்லயா?"

ஓட்டோவில் டச் பே. 5.38. வானவில்லின் வடகால் மட்டும், சுவாமி மலைக்கு வலப்பக்கமாகக் கடலில் ஊன்றியபடி, மங்கிக்கொண்டிருந்தது. நான்கு படம். எல்லாவற்றிலும் நிறம் பாதி. லென்ஸில் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி) மாட்டியிருந்ததை அறைக்குப் போன பிறகுதான் கவனித்தேன். வானவில்லின் ஒளி அநேகமாக முழுக்க, வில் வளைந்து போகும் திசையிலேயே அதிர்கிறது. போலரைசரை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சென்று எழும், மறுபக்கம் திருப்பினால் அழிந்தே போகும். அவசரத்தில் அது எந்தப் பக்கம் திரும்பி நின்றதோ, அந்தப் பக்கமே நான் எடுத்தேன். அதோடு, இடி இன்னும் கடலில் உருண்டுகொண்டிருக்க, வெறும் மணலில் நின்று எடுத்த படங்கள் அவை. கடைக்குள்ளிருந்து வெளியே வந்ததே பிழை.

இடையில் ஒரு நாள்

அடுத்த நாள் காலை டச் பேயில் கரைவலை இழுக்கிறவர்களோடு நின்றேன். வயதான ஐயா ஒருவர், முந்தின நாள் நான் ஓடிவந்ததைக் கண்டவர், கயிற்றைத் தோளில் போட்டபடி சொன்னார்: "கரைக்குள்ளால வாற மழை, கடலுக்கு இறங்கினாப் பிறகுதான் வெளிக்கும். கோயில் மணிக்கு முன்னம் வெளிச்சம் வரும் தம்பி. அந்த நேரம் கடலைப் பாருங்கோ. துறைமுகத்தைப் பாத்து என்ன செய்யப் போறீங்கள்?"

அறைக்குத் திரும்பிக் கொப்பியில் கணக்குப் போட்டேன். ஐயா சொன்னது வரிக்கு வரி பொருந்தியது. வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, 42 பாகை ஆரத்தில் நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேலே இருந்தால் தரையில் நிற்பவருக்கு வில்லே தெரியாது. செப்டெம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஆறு மணி வாக்கில், ஏறத்தாழ நேர் மேற்கில் அடைகிறது. ஆகவே ஐந்தரை மணி வில் நேர் கிழக்கில், கடலுக்கு மேலே, கிட்டத்தட்ட அரை வட்டமாக நிற்க வேண்டும். மழையைக் கச்சான் கடலுக்குத் தள்ளிவிட்டிருக்கும். சூரியன் பின்னால் திறந்திருக்கும். திரையும் விளக்கும் தாமாக நேரே வந்து நிற்கிற ஊர் இது. மேற்குக் கரையில் மாலை மழையில் இப்படி வராது. அங்கே கடல் இருக்கும் பக்கமே சூரியனும் இருக்கும்.

அடுத்தது லென்ஸ். அரை வட்ட வில்லின் இரு கால்களுக்கும் இடையே 80 பாகைக்கு மேல். என்னிடமிருந்த 24 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர்) கமராவில் 74 பாகையைத்தான் குறுக்காக அடக்கும். 20 மி.மீ. லென்ஸுக்கு 84, அது மட்டுமட்டு. சுவாமி மலையையும் சேர்க்க வேண்டுமென்றால் 16 மி.மீ. வேண்டும். அது என்னிடம் இல்லை. கமராவை நெடுக்காகத் திருப்பி, இடமிருந்து வலமாக ஐந்து படம் எடுத்து ஒட்டுவது என்று முடிவு செய்தேன். ஒட்டுவதென்றால் எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, போக்கஸ் மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். போலரைசரைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் வில் ஒவ்வொரு பலத்தில் விழும்.

எங்கே நிற்பது என்பதுதான் சிக்கல். பாதுகாப்புக்குச் சொல்லப்படும் விதி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைந்தால் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரக்கூடாது. வானவில்லோ அந்த 30 நிமிடத்துக்குள்ளேயே வந்து போய்விடும். கடற்கரையில் நின்று எடுக்கலாம் என்ற எண்ணத்தை அன்றே விட்டேன். சுவாமி மலை உச்சியைப் பற்றி யோசிக்கவே கூடாது. மூன்று பக்கமும் கடல் சூழ, சுற்றுவட்டாரத்தில் ஆக உயர்ந்து நிற்கும் பாறை அது. டச் பேயைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் கிழக்கே கதவு வைத்த ஒரு லொட்ஜின் படிக்கட்டைக் கண்டுபிடித்து உரிமையாளரிடம் கேட்டேன். "மழைக்க படம் எடுக்கவோ?" என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி எடுங்கோ, தண்ணி உள்ளுக்க வராமப் பாருங்கோ" என்றார்.

இன்னொன்று. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படைத் தளம். கோயிலுக்குப் போகும் வழியில் மான்களைப் படமெடுப்பதில் பிரச்சினையில்லை. முகாம் பக்கமோ கடற்படைப் பக்கமோ நீள லென்ஸைத் திருப்ப வேண்டாம். அனுமதியில்லாமல் ட்ரோனும் வேண்டாம்.

மூன்றாம் நாள் மாலை

மதியம் 12 மணிக்கே கமரா பையை ஏசி இல்லாத விறாந்தையில் வைத்துவிட்டேன். ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு தரம் அனுப்பும் படங்களைப் போனில் ஓடவிட்டுப் பார்த்தேன். 3 மணிக்கு கந்தளாய்ப் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. 3.40க்கு அது வாழையிலை அளவு. கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

துறைமுகப் பக்கம் போகவில்லை. போகாமல் இருப்பது சுலபமாக இருக்கவில்லை. அந்தப் பாய்ச் சுருள் முகில் திரும்பவும் வரும் என்று தெரியும். மாடிப்படியில் உட்கார்ந்து, பின்னால் வானம் இடித்துக்கொண்டிருக்க, முன்னால் வெறும் சாம்பல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4.35க்கு மழை ஊருக்குள் விழுந்தது. டச் பே மறைந்தது, பிறகு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் மறைந்தது. கமராவுக்கு ஒரு சொப்பிங் பையைக் கவிழ்த்து ரப்பர் வளையம் போட்டு, கதவுக்கு இரண்டு மீற்றர் உள்ளே தள்ளி ட்ரைபொட்டை வைத்தேன்.

5.15க்கு மழைச் சத்தம் இறங்கியது. 5.24க்கு எனக்குப் பின்னால் இருந்த மேற்குச் சன்னலால் மஞ்சள் வெயில் ஒரு பலகை போலப் படிக்கட்டில் விழுந்தது. முன்னால் வானம் கருநீலம். 5.26க்கு மலைப் பக்கம் ஒரு செம்புச் சாயல். எழுந்து நின்றேன். அது மேலேறி, வளைந்து, தெற்கே இறங்கியது. வில்லுக்கு உள்ளே வானம் வெளிச்சம், வெளியே இருட்டு. அதற்கும் அப்பால், 51 பாகையில், நிறம் தலைகீழாகிய இரண்டாவது வில். கீழே கடல் தகரம் போல மினுங்கிக்கொண்டிருந்தது. சுவாமி மலையின் செங்குத்துப் பாறை மட்டும் வெயில் பட்டுச் செம்மஞ்சளாக நின்றது. ஈரப் பாறையில் அவ்வளவு நிறம் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

லென்ஸின் துளை எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 செக்கன். கமரா சொன்னதைவிட மூன்றில் இரண்டு பங்கு ஸ்டொப் குறைத்தேன். பின்னணி எவ்வளவு இருட்டோ அவ்வளவு நிறம் வில்லுக்கு. ஐந்து ஐந்து படமாக ஒன்பது தொகுதி எடுத்தேன். வில் 5.47 வரை நின்றது. 21 நிமிடம். முதல் நாள் நான் கடைக்குள் துறைமுகத்தை வெறித்துக்கொண்டிருந்த அதே நேரம்.

கட்டடத்துக்குள் நின்றதற்கு ஒரு விலை கொடுத்தேன். தென்காலின் அடிப்பகுதியை எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி மறைத்துவிட்டது. ஒட்டிய படத்தில் அது அப்படியே இருக்கிறது. அழித்துவிடச் சொல்லி இரண்டு நண்பர்கள் சொன்னார்கள், செய்யவில்லை. அந்த இடத்தில் அந்த மாலையில் அது நின்றது. மழைப் படத்தில் வேறு வானத்தை ஒட்டுவதையும் இல்லாத மின்னலைச் சேர்ப்பதையும் நான் ஏற்பதில்லை. பார்ப்பவர் அந்த வானம் நிஜம் என்று நம்பித்தான் படத்துக்கு முன்னால் நிற்கிறார்.

சூரியன் அடைந்த பிறகும் முகிலின் உச்சிக்கு வெயில் போய்க்கொண்டிருந்தது. 6.12 வரை தலை ரோஜா நிறம், இடுப்பு ஊதா, கால் கறுப்பு. கோயில் மணி கேட்டது.

இரவு

கடைசி இடி 6.55க்கு. 7.25 வரை காத்திருந்து, பிறகு கடற்கரைக்கு இறங்கினேன். ஈர மணலில் ட்ரைபொட்டின் கால் மெல்ல மெல்லப் புதையும், பத்து செக்கன் படத்தில் அது தெரியும். ஐயா மூன்று சிரட்டையைக் கொண்டுவந்து ஒவ்வொரு காலுக்கும் கீழே கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு அசையவில்லை.

மின்னலுக்கு ஷட்டர் நேரம் பெரிய விஷயமில்லை. மின்னல் கணப்பொழுதில் முடிந்துவிடுகிறது. அதன் பிரகாசம் படத்தில் எவ்வளவு விழும் என்பதை அப்பர்ச்சரும் (லென்ஸின் துளை) ஐஎஸ்ஓவும்தான் தீர்மானிக்கின்றன. ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் நேரம், சுற்றியுள்ள இருட்டு எவ்வளவு வெளிச்சமாக விழும் என்பதற்கு மட்டும். தூர மின்னலானதால் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200, பத்து செக்கன். நங்கூரமிட்டு நின்ற கப்பலொன்றின் விளக்கில் போக்கஸ் பிடித்து, மெனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டினேன். பிறகு ஒரு படம் முடிய அடுத்த படம், விடாமல். ஏறக்குறைய 200 படம் எடுத்ததில் 17இல் மின்னல், நான்கை வைத்துக்கொண்டேன். ஒன்றில் மின்னல் முகிலிலிருந்து வெளியே பாய்ந்து, மழையே இல்லாத இடத்தில் கடலைத் தொடுகிறது. தெளிந்த வானத்துக்குக் கீழே நிற்பவரையும் மின்னல் அடிக்கும் என்று சொல்வது இதைத்தான்.

இடையில் ஐயாவிடம், நவம்பர், டிசெம்பரில் புயல் வரும்போது வந்து எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். கேட்டிருக்கவே கூடாது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தக் கரையைக் கடந்துதான் போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு, 2000 டிசெம்பரில் மீண்டும் திருகோணமலை, 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி. 2004 டிசெம்பரில் கடலே ஏறி வந்தது. மாலை இடிமழை இரண்டு மணி நேரத்தில் போய்விடும். புயல் வந்தால் கூரையும் வள்ளமும் போகும், ஆட்களும் போவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் ஒரு அறையையும் ஒரு நேரச் சாப்பாட்டையும் வெளியூர்க்காரன் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே அந்த ஊருக்குச் செய்யும் உதவி.

9.10க்கு மூட்டை கட்டினேன். மழை நூறு கிலோமீற்றருக்கு அப்பால் போயிருக்கலாம். 15 கிலோமீற்றர் உயர முகிலின் தலையை, கடலில் 400 கிலோமீற்றர் தாண்டியும் கரையிலிருந்து காணலாம். கிழக்கே அடிவானத்தில் ஒரு மூலை சத்தமில்லாமல் எரிந்து எரிந்து அணைந்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. விடியப்புறம் நாலரைக்கு வலை வளைப்பதாக ஐயா சொன்னார். அறைக்குப் போய், லென்ஸை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கமராவை விறாந்தையிலேயே வைத்துவிட்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன்.